மூன்றாம் ஷெட்டில் குளிர்காலம்

மே 4, திங்கள்

வெளியே தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது. மூன்றாம் ஷெட்டுக்குள் இன்றிலிருந்து குளிர்காலம்.

பலகையில் ஒரு மலைவீடு போட்டிருக்கிறார்கள். ஒரு கதவு, இரண்டு ஜன்னல். கூரை பாதிதான், மீதிப் பாதியில் விளக்குகள். ஒலியும் கூடவே பதிவாவதால் ஏசி கிடையாது. கிழவராக நடிக்கிற பெரியவருக்குக் கம்பளிக் கோட்டு, மஃப்ளர், உள்ளே இரண்டு பனியன். எழுபத்தொரு வயது மனிதர். நெற்றி வியர்வையை ஒற்றி எடுக்கவே தனியாக ஒரு ஆள் நிற்கிறான். படத்தில் அவருக்குக் குளிரில் பல் கிட்ட வேண்டுமாம்!

மேக்கப் பெண் புதுசு. "அக்கா, கண்டின்யூட்டின்னா என்ன வேலை?" என்று கேட்டாள். "மறக்காம இருக்கறது" என்றேன். முதல் ஷாட்டில் கோட்டின் இடது தோளில் பனி இரண்டு விரல் கனம் இருந்தால், நாளைக்கு எடுக்கிற ஷாட்டிலும் இரண்டு விரல். தேநீர் அரைக் கோப்பை என்றால் அரைக் கோப்பை. இருபத்திரண்டு வருஷமாக இதேதான். வீட்டுக்காரர் சொல்வார், "உன்கிட்ட ஒரு சட்டை பட்டனைக் கூட ஏமாத்த முடியாது."

பனி போடுவது என் தம்பி. முதல் முறையாகத் தனியாக. டைட்டிலில் அவன் பெயர் தனி வரியில் வரப்போகிறது. ஒன்பது வருஷம் மற்றவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவன். சிபாரிசு செய்தது நான் என்று இயக்குநரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவனுக்கும்.

காகிதத்தைப் பொடிப்பொடியாக அரைத்துக்கொண்டு வந்திருந்தான். ஃபேன் சுற்றியது. பனி விழுந்தது. இயக்குநர் மானிட்டரைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இது பனியா? யாரோ பழைய டிக்கெட்டைக் கிழிச்சு எறியற மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஏழாவதில் கணக்கில் பூஜ்ஜியம் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சிரித்த அதே சிரிப்பு.

மே 5, செவ்வாய்

பனி சரியில்லை என்று ஷூட்டிங் இல்லை. தம்பி நாள் பூரா ஸ்டுடியோவிலேயே இல்லை. போன் எடுக்கவும் இல்லை.

மே 6, புதன்

வந்துவிட்டான். என்ன ஒரு பனி! தரையில் பரப்பி விளக்கைப் போட்டதும் மினுக்மினுக்கென்று மின்னியது. ஒளிப்பதிவாளர் முட்டிபோட்டு உட்கார்ந்து கையால் அள்ளிப் பார்த்தார். இயக்குநர் தம்பியின் முதுகில் தட்டி, "இதான்யா குளிர்காலம்" என்றார்.

தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "என்னடா கலந்தே?"

"காகிதத்தோட கொஞ்சம் பளிங்குத் தூள். கல்லு பாலீஷ் பண்ற பட்டறையில கிடைக்குது."

"மூச்சுக்குள்ள போனா?"

"தரையில போடறதுக்கு மட்டும்தான்க்கா. மேலேருந்து பறக்கறது வெறும் காகிதம். நான் என்ன சின்னக் குழந்தையா?"

சரி என்றேன். பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன், எனக்கு நானே எழுதுகிற நோட்டில்?

மே 8, வெள்ளி

யூனிட்டில் எல்லாரும் குளிர்காலப் படங்களாகப் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு. மதியம் இரண்டு மணிநேரம் திரையை இறக்கிவிட்டுப் போட்டுக் காட்டுகிறார். நாலு நாளில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். சினிமாவில் குளிர்காலம் வந்தால் யாரோ ஒருவர் வீட்டுக்குத் திரும்பி வருவார். கதவு திறக்கும், காற்று வரும், விளக்கு அணையும். வருஷக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லுவார்கள். கடைசியில் ஒரு ஆள் செத்துப்போவார், பனியில், அழகாக. வெயில் காலத்தில் செத்தால் ஈ மொய்க்கும். அதனால்தான் எல்லாரையும் குளிர்காலத்துக்கு அனுப்பிக் கொல்கிறார்களோ என்னவோ.

எங்கள் படமும் அதே கதைதான். ஒரு நாவலிலிருந்து எடுக்கிறோம். மலைவீட்டில் தனியாக இருக்கும் கிழவர், கோபித்துக்கொண்டு போன மகளுக்காகக் காத்திருக்கிறார். அவள் வரும்போது அவருக்கு முடியவில்லை. பஸ்ஸில் போகவர நாவலைப் படித்து முடித்தேன். அதில் குளிர்காலம் அறுபது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் விறகு குறைகிறது, அவ்வளவுதான் நடக்கிறது. கிழவர் இருமுவதே இல்லை. கதவைச் சாத்த எழுந்து போகிறார், அத்தியாயம் முடிகிறது, அடுத்த அத்தியாயத்தில் பனி உருகியிருக்கிறது. படித்துவிட்டு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

படத்தில் அது போதாது என்று இயக்குநர் இருமலைச் சேர்த்திருக்கிறார். மகள் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "கதவைச் சாத்தும்மா, குளிர் உள்ளே வருது" என்று வசனம். அதன்பின் மூன்று இருமல். கண்டின்யூட்டி ஷீட்டில் எழுதிக்கொண்டேன்: மூன்று.

இன்று ஒரு கூத்து. ஷாட் நடுவில் ஒரு பல்பு வெடித்தது. லைட்மேன் பயந்து "கட்!" என்று கத்திவிட்டான். இயக்குநர் எழுந்து வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "இந்த ஷெட்டுல கட் சொல்ற வாய் ஒண்ணே ஒண்ணுதான். கூரையே விழுந்தாலும் நான் சொல்ற வரைக்கும் கேமரா ஓடும்." லைட்மேன் பாவம், அதோடு மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

மே 11, திங்கள்

காட்சி 41. கிழவர் கதவருகே. பின்னால் பனிப்புயல்.

முதல் டேக்கில் மூன்று இருமல். இரண்டாவதிலும் மூன்று. மூன்றாவதில் நாலு. நாலாவதில் ஐந்து.

ஒட்டாது. வெளியே இருட்டில் நின்று கேட்கிற மகளின் முகத்தை ஏற்கெனவே மூன்று இருமலுக்கு எடுத்தாயிற்று. போய்ச் சொன்னேன். "அய்யா, மூணுதான். அஞ்சு வந்துடுச்சு. அப்புறம் வெட்டி ஒட்ட முடியாது."

"மன்னிச்சுக்கோம்மா. வாய் தானா போயிடுது. அடக்கிப் பாக்கறேன்."

ஐந்தாவது டேக்கில் மிகச் சரியாக மூன்று. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர். இயக்குநர் கட் சொன்னதும் மொத்த யூனிட்டும் கைதட்டியது. நானும் தட்டினேன். ஷீட்டில் 'ஓகே' போட்டு அடியில் இரண்டு கோடு போட்டேன். இப்படி ஒரு நடிகர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மே 12, செவ்வாய்

இன்றைக்கு ஆறு. "பாத்திரம் உள்ளே இறங்கிடுச்சு போல" என்றார் ஒளிப்பதிவாளர். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மே 13, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

சாப்பாட்டு நேரம். ஷெட்டில் யாரும் இல்லை. ஷீட்டை மறந்து வைத்துவிட்டேன் என்று எடுக்கப் போனேன். செட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து இருமல் சத்தம். கேமரா இல்லை, விளக்கு இல்லை. பெரியவர் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று இருமிக்கொண்டிருந்தார். எண்ணிப் பழகிய புத்தி — எண்ணினேன். பதினெட்டு. அப்புறம் எண்ணவில்லை.

யாருக்காக நடிக்கிறார் அங்கே?

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்டாச்சாம்மா?" என்றார்.

ஷீட்டை எடுத்தேன். அதன்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன். நறநறவென்றது. காகிதம் நறநறக்குமா? ஃபேனுக்கு மேலே பனி கொட்டுகிற தொட்டி இருக்கிறது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். இந்த வயதில் ஏணி வேறு. தொட்டி நிறைய அதே மின்னுகிற தூள். தரைக்கு மட்டும் என்றானே!

தம்பியைப் பிடித்தேன், சாமான் அறையில் வைத்து.

"டைரக்டர் கேட்டாருக்கா. கீழே மின்னுது, மேலேருந்து விழறது மின்னலையேன்னாரு."

"தூளுன்னு அவருக்குத் தெரியுமா?"

"கேக்கல. நானும் சொல்லல."

"எப்பலேருந்து?"

அவன் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தான். திங்கட்கிழமையிலிருந்து. எனக்கே தெரியும். மூன்று, மூன்று, நாலு, ஐந்து. என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேனே, வெப்பமானியைப் பார்த்து எழுதுகிற நர்ஸ் மாதிரி!

"போய்ச் சொல்லுடா. இப்பவே."

"அக்கா, சொன்னா எடுத்த அத்தனையும் போச்சு. காகிதத்துக்கு மாத்தினா ஒட்டாது, அது உனக்குத்தான் தெரியும். இன்னும் மூணே நாள். சனிக்கிழமையோட குளிர்காலம் முடியுது. எனக்கு இன்னொரு படம் யாரு குடுப்பா?"

"அவருக்கு மூச்சு வாங்குதுடா."

"வயசாயிடுச்சுக்கா. சும்மாவே இருமுவாரு."

நான் ஏன் அப்போதே இயக்குநரிடம் போகவில்லை? கால் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மதியம் மூன்று டேக். ஷீட்டில் இருமல் எண்ணிக்கை எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் காலிக் கட்டம்.

மே 14, வியாழன்

தம்பி ஒரு பெட்டி நிறைய முகமூடி வாங்கி வந்தான். "தூசி அதிகமா இருக்கு, எல்லாரும் போட்டுக்கோங்க" என்று அவனே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். இயக்குநர் சந்தோஷப்பட்டார். பொறுப்பான பையன் என்றார்.

லைட்மேன், ஒலிப்பதிவாளர், இயக்குநர், மேக்கப் பெண், எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். நானும். மகளாக நடிக்கிற பெண்ணுக்கு இன்று உள்ளறைக் காட்சிதான், அங்கே பனி கிடையாது. ஷெட்டில் முகமூடி போட முடியாத ஒரே ஆள், கேமரா முன்னால் நிற்கிறவர்.

முகமூடிக்குள்ளேயிருந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன மாதிரிப் பிறவி நான்?

இடைவேளையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அய்யா, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்களேன். செட்டுல ரொம்பத் தூசி."

"எழுபத்தோரு வயசுல இருமலுக்குக் காரணம் கேட்டா டாக்டர் சிரிப்பாரும்மா. இந்த வேஷம் முடியட்டும். பத்து வருஷமா எனக்கு அப்பா வேஷம், நீதிபதி வேஷம். ரெண்டு வரி பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். இதுல ஒரு முழு மனுஷன் கிடைச்சிருக்கான்."

சொல்ல வாயைத் திறந்தேன். "தண்ணி குடிங்க" என்றுதான் வந்தது.

சாயங்காலம் அம்மா போனில். "தம்பிக்கு எல்லாம் நல்லபடியாப் போகுதா? நீ இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இருக்கேன். பாத்துக்கோ." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யாரை என்று அவள் கேட்கவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். காலையில் முதல் வேலை.

மே 15, வெள்ளி

சொல்லவில்லை. காலையில் முதல் வேலையாக இயக்குநர் வந்ததும் "இன்னைக்குத்தான்பா படமே" என்று எல்லாரையும் கட்டிப்பிடித்தார். பெரியவரே வந்து, "இன்னைக்கு எத்தனைம்மா, மூணா?" என்று கேட்டார். மூணு என்றேன். சொன்னேன். என் வாயால்.

பெரிய ஷாட். கதவு முழுக்கத் திறந்திருக்கும், மூன்று ஃபேன், தொட்டி நிறையத் தூள். வசனம், இருமல், கதவைச் சாத்தப் போய்க் கீழே சரிவது, எல்லாம் ஒரே ஷாட்டில். மகள் அதன்பிறகுதான் உள்ளே வருவாள். தம்பி ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில். நான் மானிட்டருக்குப் பக்கத்தில், கையில் டேக் நேரம் பார்க்கும் நிறுத்துக் கடிகாரம்.

முதல் டேக்.

"கதவைச் சாத்தும்மா, குளிர் உள்ளே வருது."

ஒன்று. இரண்டு. மூன்று. நிற்கவில்லை. நாலு. ஐந்து. முகம் பெரிதாக மானிட்டரில். இயக்குநர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கிசுகிசுத்தார், "உதட்டுல அந்த நீலம்! அந்த மேக்கப்புக்கே தனியாக் கைதட்டணும்யா."

மேக்கப் பெண் என் முழங்கையைப் பிடித்தாள். காதருகே சொன்னாள்.

"அக்கா, நான் இன்னும் நீலம் போடலக்கா. அது அடுத்த சீனுக்கு."

ஆறு. ஏழு.

"கட்!"

யார் கத்தியது என்று நானே ஒரு கணம் தேடினேன். எல்லா முகமூடியும் என் பக்கம் திரும்பியது.

"யாரு அது?" இயக்குநர் எழுந்துவிட்டார். "யாரு கட் சொன்னது?"

"நான்தான். அது நடிப்பு இல்ல! ஃபேனை நிறுத்துங்க! தம்பி, நிறுத்துடா!"

அவன் கை சுவிட்சில் இருந்தது. என்னைப் பார்த்தான். இயக்குநரைப் பார்த்தான். திரும்ப என்னை. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது, தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. பெரியவர் கதவைப் பிடித்தபடியே சரிந்தார். மெதுவாக, ஒத்திகையில் சரிந்த மாதிரியே. பின்னால் எங்கேயோ ஒருவன் கைதட்டினான். அவனைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை? திங்கட்கிழமை நானும்தானே தட்டினேன்.

பிறகு ஃபேன் நின்றது.

ஆம்புலன்ஸ் போனபின்தான் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கட் சொன்னபோது பழக்கத்தில் நேரத்தைக் குறிக்க ஒரு தரம் அழுத்தியிருக்கிறேன், ஃபேன் நின்றபோது இன்னொரு தரம். இரண்டுக்கும் நடுவில் பதினோரு நொடி.

மே 16, சனி

ஆஸ்பத்திரி. மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். டாக்டர் வெளியே வந்து கேட்டார், "இவர் எதைச் சுவாசிச்சார்? சும்மா தூசி இல்ல இது. சொன்னாத்தான் நாங்க ஏதாவது பண்ண முடியும்."

இயக்குநர் தயாரிப்பு நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி செல்போனைப் பார்த்தார். தம்பி சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவுவது எப்படி என்ற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பளிங்குத் தூள்" என்றேன். "திங்கள்லேருந்து. அஞ்சு நாள். ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம்."

டாக்டர் உள்ளே ஓடினார். தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. படியிறங்கிப் போனான்.

வாசலில் நிர்வாகி என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "ஷீட்டுல 'நடிகருக்கு உடல்நலக் குறைவு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே? உங்க தம்பிக்கும் நல்லது."

பொய் இல்லைதான். அதுதான் கஷ்டம்.

மே 18, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். காட்சி 41லிருந்து டேக் வாரியாக. தொட்டியில் என்ன இருந்தது, எந்தத் தேதியிலிருந்து, யார் போட்டது. 'மே 11: ஐந்து இருமலை மூன்றாகக் குறைக்கும்படி நடிகரிடம் சொன்னது நான்.' 'மே 13: எனக்குத் தெரியவந்தது. சொல்லவில்லை.' 'மே 15: நான் நிறுத்தச் சொன்னதற்கும் ஃபேன் நின்றதற்கும் இடையே 11 நொடி.' கையெழுத்து.

நிர்வாகி படித்துவிட்டு, "உங்க பேரையுமா எழுதுவாங்க?" என்றார்.

மதியத்துக்குள் தம்பி படத்தில் இல்லை. சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. 'பதினோரு நொடியைக் கூட விடல இல்ல நீ.' அவ்வளவுதான்.

அம்மா கூப்பிட்டாள். "அவன் ஒத்தையா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான். கூடப் பொறந்தவளா நீ?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மே 27, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பாதியாகியிருந்தார். நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதை அவரே சொன்னார், பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி.

அழக்கூடாது என்று போனேன். அழுதேன். "அடக்கச் சொன்னது நான்தான் அய்யா. தெரிஞ்சப்புறமும் ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

நாலு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினார். "மூணு கேட்டே. மூணு குடுத்தேன். அதுல எனக்கு... வருத்தமில்ல. அந்த ரெண்டு நாள்... அது வருத்தம்தாம்மா. இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன்."

பிறகு, "தூளைப் போட்டவன்... யாரு?"

"என் தம்பி."

"வரச் சொல்லு. மூஞ்சியைப் பாக்கணும்."

தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

மீதிக் குளிர்காலத்தை எடுத்து முடித்தார்கள். பெரியவருக்குப் பதில் முதுகு காட்டும் ஆள் ஒருவர். பனிக்கு வெறும் காகிதம். இயக்குநர் மானிட்டரைப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லாத்தான இருக்கு" என்றார். கையிலிருந்த பேனாவை எறியலாமா என்று இருந்தது. என்னை வேலையில் வைத்திருப்பதே அதிகம். பாதிப் பேர் என்னிடம் பேசுவதில்லை. மேக்கப் பெண் மட்டும் தினம் டீ கொண்டுவந்து வைக்கிறாள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

டப்பிங். ஃபேன் இரைச்சலில் பதிவான வசனங்களை மறுபடி பேச வேண்டும். பெரியவர் வந்தார். ஒரு வசனத்தைச் சேர்ந்தாற்போல் பேச மூச்சு நிற்கவில்லை. 'கதவைச் சாத்தும்மா' வரை வருகிறது, 'குளிர்' வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. பதினாறு தடவை முயன்றார். பதினேழாவதாக அவரே ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். வேறொரு நடிகரை வைத்துக் குரல் கொடுக்கப்போகிறார்கள்.

ஆனால் இருமலை மட்டும் ஷூட்டிங்கில் பதிவானபடியே வைத்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர். அந்தக் கடைசி நாள் டேக். "அந்த மாதிரி யாராலும் பண்ண முடியாது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "பண்ணல சார்! அவர் அதைப் பண்ணவே இல்ல! அதைத் தூக்கி எறியுங்க!"

பெரியவர் கையமர்த்தினார். "இருக்கட்டும்மா. குரலையும் எடுத்துட்டாங்க. அதையும் எடுத்துட்டா... அந்தப் படத்துல நான் எங்க இருப்பேன்?"

அந்த டேக்கின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வெள்ளி

அம்மா பேசினாள். தம்பி வியாழக்கிழமைதோறும் மத்தியானம் எங்கேயோ போகிறானாம். கேட்டால் சொல்வதில்லையாம். எனக்கும் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

டிசம்பர் 11, வெள்ளி

படம் வெளிவந்தது. காலைக் காட்சி. காலண்டரில் குளிர்காலம்தான், ஆனால் ஸ்வெட்டர் போட்டவர்கள் யாரையும் வழியில் காணவில்லை.

தியேட்டர் வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஒரு தடி வெளியே வந்தது, பின்னால் பெரியவர். முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டது என் தம்பி. இன்னொரு கையில் அவருடைய மூச்சு மருந்துப் பை. மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இவன்தான் கூட்டிப்போறான்" என்றார் பெரியவர். "மொதநாள் வந்தான். மூஞ்சியைப் பாத்தேன். திட்டலாம்னுதான்... இருந்தேன். மூச்சு பத்தல."

உள்ளே பெரியவர் நடுவில், நாங்கள் இரண்டு பக்கம். படம் ஓடியது. பனி மின்னியது. பின்வரிசையில் ஒரு பெண், "எந்த நாட்டுல போய் எடுத்திருப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

கதவுக் காட்சி வந்தது. யாருடையதோ குரல், "கதவைச் சாத்தும்மா, குளிர் உள்ளே வருது." பிறகு அவருடைய இருமல். ஒன்று, இரண்டு. ஃபேன் சத்தத்தைப் புயல் சத்தமாக்கியிருக்கிறார்கள். ஐந்து, ஆறு. ஏழு முடிந்ததும் படம் வெட்டி ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. சத்தமே இல்லாமல் பனி விழுகிறது. அந்த வெட்டில்தான் நான் கத்தியது இருந்தது. யாருக்கும் கேட்காது.

தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. எங்கள் வரிசையில் மூன்று பேர் தட்டவில்லை. பெரியவர் ஒரு கையைத் தம்பியின் கைமேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அவர் எழவில்லை. நானும் தம்பியும் தண்ணீர் வாங்க வெளியே வந்தோம். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினான். என்னைப் பார்க்காமல், கடைக்காரரைப் பார்த்தபடி.

"பதினோரு நொடின்னு எழுதினியேக்கா. அது தப்பு."

"கடிகாரம் காட்டினதுடா அது."

"நீ கட் சொல்றதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். நாலாவது இருமல்லேயே பாத்துட்டேன், உதட்டை. உன் கடிகாரக் கணக்குல அது இல்ல."

கடைக்காரர் பாட்டிலை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கினேன்.

"எனக்கு ரெண்டு நாளுடா" என்றேன்.

அவன் பாட்டிலை என் கையிலிருந்து எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, லேசாக மறுபடி மூடினான். பெரியவருக்குத் திருக வலு இல்லையாம். மணி அடித்தது. உள்ளே போய் உட்கார்ந்தோம்.